ஐஸ் எங்கே நிற்கிறது

“இவ்வளவு ஐஸ் கட்டியிருக்கு, பால் மட்டும் ஏன்டா திரியுது?”

2011 தீபாவளி முடிந்த வாரத்தில் அம்மா இப்படிக் கேட்டாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. சமையலறை வாசலை ஒட்டி நின்ற இரண்டு கதவு ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்தால் ஃப்ரீசரின் பின்சுவர் முழுக்க வெள்ளையாக இருக்கும். ஐஸ் தட்டு கல்லாய் இறுகிக் கிடக்கும். கீழ்க்கதவைத் திறந்தால் கதையே வேறு. காலையில் காய்ச்சிய பால் சாயங்காலம் திரிந்தது. இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்தது. கொத்தமல்லி, கூடையில் போட்டு வைத்ததைப் போலவே துவண்டது.

ஐஸ் இருந்தால் குளிர் இருக்கிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். குளிரைக் கூட்டும் திருகியைக் கடைசி எண் வரைக்கும் திருப்பி வைத்துவிட்டு, “இப்ப பாரும்மா, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ் பிடிக்க ஓடினேன். மறுநாள் ஐஸ் கூடியது. பால் அன்றைக்கும் திரிந்தது.

சர்வீஸுக்குப் போன் செய்தோம். வந்தவர் கீழ்த்தட்டைத் தொட்டுப் பார்த்தார், கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தார். “கேஸ் குறைஞ்சிருக்கு” என்றார். காலை 10 மணிக்கு ஸ்விட்சை அணைத்து, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துவிட்டு சிலிண்டர் எடுத்து வரப் போனார். திரும்பி வரும்போது மணி 4. தரையெல்லாம் தண்ணீர். அம்மா பழைய புடவைகளைப் போட்டு ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கேஸ் ஏற்றி, 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவே கீழ்த்தட்டில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. இரண்டு வாரம் குறையே இல்லை. மூன்றாவது வாரம் மறுபடி பால் திரிந்தது. போனில் கேட்டதற்கு, “எங்கியோ லீக் இருக்கு சார், காயிலையே மாத்தணும்” என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு, சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

தள்ளிப் போட்டதில் பால் திரிந்ததும் மாவு புளித்ததும் எனக்குப் பெரிய விஷயமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்வாள். 10 மில்லி குப்பி, மில்லிக்கு 40 யூனிட், 30/70 என்று எழுதியிருக்கும். அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கி, ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் நடுத்தட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வைத்திருப்பாள். கீழே கூலிங் இல்லையென்று ஆனதும் அவள் யோசித்திருக்கிறாள். எங்கே குளிர் இருக்கிறதோ அங்கே மருந்தை வைக்க வேண்டும். எங்கே ஐஸ் இருக்கிறதோ அங்கேதானே குளிர் இருக்கிறது? குப்பிகளை எடுத்து மேலே ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். ஊசி போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைப்பாள். இதை என்னிடமும் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

டிசம்பர் நடுவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 290. அதற்கு முந்தைய மாதம் 150-க்குள் இருந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். மறு வாரமும் இறங்கவில்லை. “மருந்துக் குப்பியை எடுத்துட்டு வாங்க” என்றார். கொண்டு போய்க் கொடுத்தேன். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பால் கலந்த தண்ணீர்போல ஒரே சீராக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. கண்ணாடியின் உட்புறம் பொடி அப்பியதுபோல் இருந்தது. இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகு அதைப் போடவே கூடாது என்று நிதானமாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அம்மா அந்தக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “நான் நல்லதுன்னுதானே மேல வெச்சேன்” என்றாள். தலையாட்டியவன் நான். அம்மா சொன்ன அந்த வரி இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

புதுக் குப்பி வாங்கிய சில நாளில், டிசம்பர் 30 விடியற்காலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் தெருவில் நின்ற வேப்பமரம் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக விழுந்த செய்தி பிறகுதான் வந்தது. கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்துவிட்டதால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, அம்மா ஒரு பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சிறிய பானையை இறக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குப்பிகளை அதில் வைத்து, ஈரத் துணியால் வாயை மூடினாள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தாள். பானையின் மேனி வழியே தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மார்கழிக் குளிர் வேறு துணைக்கு இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தபடி கிடந்தது.

எங்கள் தெருவுக்கு 11-ஆம் நாள் கரண்ட் வந்தது. ஸ்விட்சைப் போட்டால், காயில் மாற்ற வேண்டிய அந்த ஃப்ரிட்ஜ் புதிது போல ஓடியது. கீழ்த்தட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் வியர்த்தது. புயல் வந்து ஃப்ரிட்ஜைச் சரிசெய்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி பால் திரிந்தது.

அதற்குப் பிறகுதான் பாய் வந்தார்.

அவருக்குக் கடை கிடையாது. பரங்கிப்பேட்டைக்காரர். சவூதியில் மீன் கோல்ட் ஸ்டோரேஜில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, டிவிஎஸ் 50-ல் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வந்தவர் ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்தபடி கேள்வி கேட்டார். எப்போது ஆரம்பித்தது? புயலில் எத்தனை நாள் ஆஃப்? வந்த பிறகு எத்தனை நாள் நன்றாக ஓடியது? முதலில் கேஸ் போட்டபோது கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது?

“காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பாய்.”

“அதுக்கப்புறம் எத்தினி நாள் ஓடுச்சு?”

“ரெண்டு வாரம்.”

“இப்பவும் ரெண்டு வாரம்தான?” டம்ளரைக் கீழே வைத்தார். “கேஸ் போட்டதால ஓடல தம்பி. கதவைத் தொறந்து வெச்சதால ஓடுச்சு.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். மூன்று மாதம் எங்கள் கண் முன்னாலேயே கிடந்த சாட்சியத்தை அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எடுத்துக் கையில் கொடுத்தார். கேஸ் கசிகிற ஃப்ரிட்ஜ் பத்து நாள் அணைந்து கிடந்தாலும், கரண்ட் வந்த பிறகு தேறாது. ஐஸ் உருகியதும் தேறுகிறதென்றால், கோளாறு ஐஸில்தான் இருக்கிறது.

ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் அம்மா எடுத்து வைத்தாள். பின்சுவர்ப் பலகையின் ஸ்க்ரூக்கள் ஐஸுக்குள் புதைந்திருந்தன. அம்மா பரபரப்பில் காய் நறுக்கும் கத்தியை நீட்டினாள். பாய் கையை உயர்த்தித் தடுத்தார்.

“கத்தி மட்டும் வேணாம்மா. சுடுதண்ணி வையுங்க.”

எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. 1989-ல் அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கிய எங்கள் முதல் ஃப்ரிட்ஜ் 165 லிட்டர், ஒற்றைக் கதவு. தெருவிலேயே இரண்டாவது. அந்த வகையில் ஃப்ரீசர் என்பது மேலே தொங்கும் அலுமினியப் பெட்டி. ஐஸ் தடித்தால் திருகியின் நடுவில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கம்ப்ரஸர் நின்று ஐஸ் உருகியதும் பொத்தான் தானாகவே வெளியே வரும். கோடை விடுமுறைக்குச் சித்தி பிள்ளைகள் வந்திருந்தார்கள். ரஸ்னா கலக்கியாகிவிட்டது, ஐஸ் தட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. உருகும்வரை பொறுக்க எனக்கு மனமில்லை. அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஆரம்பித்து, மெலிந்து, அடங்கிப் போனது. எனக்கு 12 வயது. எது போகிறது என்று தெரியவில்லை. எதுவோ போய்விட்டது என்று தெரிந்தது.

அந்தப் பெட்டியின் சுவரேதான் குழாய். இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடுகிற பாதையை மட்டும் உப்பவைத்திருப்பார்கள். ஐஸைக் குத்துகிறவன் அந்தப் பாதையைத்தான் குத்துகிறான். அப்பா ஆபீஸிலிருந்து வந்து, பெட்டிக்குள் தலையைக் குனிந்து ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். அடிக்கவில்லை. எம்-சீல் வைத்து அடைத்து, மறுபடி கேஸ் ஏற்றி ஓட்டினோம். பழைய குளிர் திரும்பவே இல்லை. கடன் தவணை மட்டும் அப்பாவின் சம்பளத்தில் வருஷக்கணக்காகக் கழிந்துகொண்டிருந்தது.

1995-ல் கல்லூரியில் படிக்கும்போது, ஓசோன் படலத்தை ஆராய்ந்த ரோலண்ட், மோலினா, குருட்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்த செய்தியை நூலகத்தில் வாசித்தேன். ஃப்ரிட்ஜில் ஓடும் குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள் மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று ரோலண்டும் மோலினாவும் 1974-லேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் முதல் ஃப்ரிட்ஜில் இருந்தது அந்த வகையைச் சேர்ந்த ஆர்-12. காற்று மண்டலத்தில் அதன் ஆயுள் சுமார் நூறு ஆண்டு. அன்றைக்கு என் கையால் வெளியேறியதில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. இந்த எண்ணம் வந்தபோது நூலகத்தில் கொஞ்ச நேரம் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இரண்டு பாத்திரங்களில் கொதிநீர் கொண்டுவந்தாள். ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவை ஒருக்களித்து மூடினார் பாய். ஆவி பட்டு ஐஸ் இளகி, பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பலகையைக் கழற்றியதும், “வந்து பாருங்க” என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காயில் கண்ணுக்கே தெரியவில்லை. பஞ்சு மூட்டை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்ததுபோல, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே வெள்ளை.

இந்த வகை ஃப்ரிட்ஜில் கீழ்ப்பகுதிக்கென்று தனியாகக் குளிர் கிடையாது. மேலே பலகைக்குப் பின்னால் இருக்கும் காயில்தான் மொத்தப் பெட்டிக்கும் குளிர் தருகிறது. சின்ன ஃபேன் ஒன்று காயில் வழியே காற்றை இழுத்து, கொஞ்சத்தை ஃப்ரீசரிலும் மிச்சத்தைப் பின்பக்கக் குழல் வழியாகக் கீழேயும் தள்ளுகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஊரின் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே போகிறது. அந்த ஈரம் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் உறைகிறது. ஐஸ் தன் வழியே சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் நூறில் ஒரு பங்குதான். காற்றுக் குமிழ்கள் அடைபட்ட வெண்பனி அதிலும் குறைவு. காயிலைச் சுற்றிக் கம்பளி போர்த்தியதுபோல அது நிற்கிறது. காயிலின் தகட்டு இதழ்களுக்கு இடையே காற்று போகும் சந்துகளையும் அடைத்துவிடுகிறது. ஃபேன் சுற்றும், காற்று போகாது. ஃப்ரீசர் பக்கத்திலேயே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும், கீழ்த்தட்டு பட்டினி கிடக்கும். நான் திருகியைக் கூட்டியது கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்திய வேலை.

“கேஸ் குறைஞ்சா இப்படி இருக்காது” என்றார் பாய். “ஆரம்பத்துல ரெண்டு வளையம் மட்டும் வெள்ளையா இருக்கும், மிச்சம் காஞ்சு கெடக்கும். முழுசா வெள்ளையா இருந்தா கேஸ் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஐஸ் எவ்ளோ இருக்குன்னு பாக்காதீங்க, எங்க நிக்குதுன்னு பாருங்க.”

உருகியதைச் சொம்பால் அள்ளி ஊற்றினோம், இரண்டு சொம்புக்கு மேல் இருந்தது. காயிலுக்கு அடியில் ஹீட்டர் இருக்கிறது. கம்ப்ரஸர் எட்டு மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, கொஞ்ச நேரம் ஹீட்டரைப் போட்டுப் பனியை உருக்க வேண்டும். சூடு அளவு மீறாமல் பைமெட்டல் என்கிற ரூபாய் நாணயம் அளவுள்ள வில்லை ஹீட்டரை அணைக்கும். இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சீரிஸ் லாம்பைப் பாய் எடுத்தார். டைமர் நன்றாக இருந்தது. ஹீட்டரைத் தொட்டதும் பல்பு எரிந்தது, அதுவும் நன்றாக இருந்தது. ஃப்யூஸும் சரி. பைமெட்டலில் பல்பு எரியவில்லை.

“அப்ப இதுதான் பாய்” என்றேன்.

“அவசரப்படாதீங்க. இது சூட்டுல இருந்தா எரியாது, அதுதான் அதோட வேலை. குளிர்ல வெச்சுப் பாக்காம இதைக் குத்தம் சொல்லக் கூடாது.”

ஒரு டம்ளரில் எங்கள் ஃப்ரீசர் ஐஸையே உடைத்துப் போட்டு, கல் உப்பைக் கலந்தார். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். வில்லையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அதற்குள் புதைத்துப் பத்து நிமிஷம் விட்டார். பல்பு எரியவில்லை. பிறகு பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அதே டம்ளரில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது, பல்பு எரிந்தது. அம்மா கைகூப்பினாள்.

அந்த வில்லையின் விலை 180 ரூபாய்.

பலகையைத் திருப்பி மாட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்தார். காயிலுக்கு அடியில் தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்திருந்தது. சுடுநீரை ஊசிக் குழலால் பீய்ச்சித் திறந்தார். ஒரு துண்டுச் செப்புக் கம்பியை ஹீட்டரில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஓட்டைக்குள் தொங்கவிட்டார். ஹீட்டர் சுடும்போது கம்பி வழியே சூடு இறங்கி, ஓட்டையில் ஐஸ் நிற்காது. அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். சொல்லவில்லை, சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவர் இருப்பது தெரிந்து தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிட்டார்கள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு வீட்டில் ஃப்ரீசர் வாயோரம் மட்டும் ஐஸ் வளையமாகக் கட்டியிருந்தது. பாய் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுத்தார். தாள் தடையே இல்லாமல் கையோடு வந்தது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி நிமிர்த்தினார். ஃப்ரிட்ஜின் முன்காலை ஒரு திருகு உயர்த்திக் கதவு தானாகச் சாயும்படி வைத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த வீட்டில் ஒற்றைக் கதவுப் பெட்டி. ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் எலுமிச்சை அளவு ஐஸ், மற்ற இடம் உலர்ந்து கிடந்தது. அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, “இது கேஸா பாய்?” என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்க்ரூடிரைவர் பட்ட தழும்பு அந்தப் பெட்டியிலும் இருந்தது. அந்த வீட்டுப் பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன், வார்த்தை வரவில்லை.

கிளம்பும்போது அம்மா பணத்தை நீட்டினாள். பாய் வாங்கிக்கொள்ளவில்லை.

“ராத்திரி மூணு மணி வாக்குல டைமர் தானா விழணும்மா. மோட்டார் நிக்கும். கொஞ்ச நேரத்துல உள்ள தண்ணி சொட்டுற சத்தம் கேக்கும். கேட்டாதான் வேலை முடிஞ்சுது. காலையில வந்து காசு வாங்கிக்கறேன்.”

இன்சுலின் குப்பிகள் அன்றிரவும் மண்பானையிலேயே இருந்தன. நான் சமையலறை வாசலில் பாயை விரித்துப் படுத்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. அம்மா தோளைத் தொட்டு எழுப்பினாள். விளக்குப் போடாமல் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கவே இல்லை போலிருக்கிறது. மோட்டார் நின்றிருந்தது. வீட்டில் அவ்வளவு அமைதி. பிறகு உள்ளேயிருந்து உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, ஹீட்டரின் மேல் ஒரு துளி விழுந்து பொரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு துளி. அப்புறம் பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேலிருக்கும் தட்டில், சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

அம்மா சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே கையை நுழைத்து, தட்டைத் தடவி, ஈர விரல்களை என் கன்னத்தில் வைத்தாள்.

“தண்ணி வந்துடுச்சுடா.”

காலையில் பாய் வருவதற்கு முன்னாலேயே அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்து, பானையிலிருந்து குப்பிகளை எடுத்து அதில் போட்டு, நடுத்தட்டில் பால் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.